கண்டக்டர் கலியபெருமாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கதை

சிதம்பரம் சபையில் இப்போது போதகராக இருக்கும் தம்பி போன மாதம் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். ஆலயத்துக்குள்ளேயே, பிரசங்க மேடைக்குப் பின்னால், நீல நிறத்தில் ஃபைபர் தொட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று படி இறங்கினால் தண்ணீர். பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி. மார்கழிக் குளிருக்கு வெந்நீர் வசதியும் உண்டாம். வீடியோவின் முடிவில் தம்பி சிரித்துக்கொண்டே, “ஐயா, சபை மலருக்கு நீங்க ஒரு கட்டுரை தரணும். ஆத்துலயும் வாய்க்கால்லயும் எப்படி ஞானஸ்நானம் குடுத்தீங்கன்னு எழுதுங்க. ரெண்டு பக்கம் போதும்” என்றார்.

ரெண்டு பக்கத்தில் நாங்கள் ஜெபமே முடிப்பதில்லை. எழுபத்து நாலு வயதில், கடலூர் முதுநகரில் மகன் வீட்டு மாடியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். நீளமாகப் போனால் தம்பிதான் பொறுப்பு. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொட்டியைப் பார்த்து எனக்குப் பொறாமைதான் வந்தது. ஆற்றில் இறங்கினால்தான் பக்தி என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அட்டை கடித்த கால் என்னுடையது.

இந்த மலரை வாங்கப்போகிறவர்களில் பாதிப் பேர் மற்ற சபையாரும் அக்கம்பக்கத்து நண்பர்களும்தான். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாப்டிஸ்டு சபையில் கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த ஆள் தானாக வந்து கேட்க வேண்டும். சபை அங்கத்தினர்கள் அத்தனை பேர் முன்னாலும் தன் விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் கையைத் தூக்கி ஓட்டுப் போடுவார்கள். போதகருக்கும் ஒரு கைதான், கோயில் கூட்டுகிற அம்மாவுக்கும் ஒரு கைதான். ஓட்டு விழுந்த பிறகு தண்ணீரில் முழுதாக முக்கி எடுப்போம். தலையில் தெளித்துவிட்டு அனுப்புகிற பழக்கம் இல்லை. முக்கி எடுத்த பிறகுதான் அவர் அங்கத்தினர். அதன் பிறகுதான் மாதத்தின் முதல் ஞாயிறு வரும் திருவிருந்தில் அப்பத்தைத் தொடலாம்.

இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் நாலு வருடம் மண்டையில் ஏற்றினார்கள். தேர்வில் முதலாவதாக வந்தேன். அந்தக் கர்வத்தோடு கடலூருக்கு உதவிப் போதகராக வந்து சேர்ந்தேன். அங்கே மூத்த போதகர் தாவீது ஐயா. குள்ளமான மனிதர். குரலை உயர்த்த மாட்டார். எதையும் இப்படிச் செய் என்று சொல்லவும் மாட்டார். கேள்வியாகக் கேட்பார், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் நமக்கு வியர்த்துவிடும்.

முதல் வாரமே என்னைத் திருவந்திபுரம் பக்கம் கெடிலம் ஆற்றுக்கு அழைத்துப்போய், பதினோரு தடவை மல்லாக்க முக்கி எடுத்தார். பன்னிரண்டாவதற்கு முன்னால் நான் துணிந்து, “எனக்குத்தான் ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆயிடுச்சே, எதுக்குங்கய்யா இது?” என்றேன்.

“மல்லாக்கப் போறவனுக்கு எந்த நேரத்துல பயம் வருது?”

நான் யோசித்தேன். “கால் தரையை விடறப்பங்கய்யா.”

“அந்த நேரத்துல அவன் காதுல ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? அது எப்போன்னு காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்களா?”

அவருடைய முறைகள் எல்லாம் அப்படித்தான். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாளே போய் வெறுங்காலால் ஆற்றின் அடியைத் தடவிப் பார்ப்பார். குழி இல்லாத இடத்தில் மூங்கில் நட்டுவைப்பார். வெள்ளை அங்கியின் அடி விளிம்பில், மீன் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளை வரிசையாகத் தைத்திருப்பார். இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கியதும் அங்கி குடை மாதிரி விரிந்து மேலே வந்துவிடும், பெண்கள் கூசிப்போவார்கள். போதகரின் இடது கை, முழுகுகிறவரின் பிடரிக்குக் கீழே. வலது கை, அவர் நெஞ்சில் கட்டிய கைகளின் மேல். மூக்கைப் பொத்த மடித்த கைக்குட்டை. கரையில் ஒரு டீக்கன் நிற்பார். டீக்கன் என்றால் சபைக் காரியங்களைப் பார்க்கச் சபையே தேர்ந்தெடுத்த ஆள். உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் போனதைக் கண்ணால் பார்த்து அவர் கையைத் தூக்க வேண்டும். முடி நுனி வெளியே நின்றாலும் கை உயராது. மறுபடியும் முக்க வேண்டியதுதான்.

நான் தனியாகக் கொடுத்த முதல் ஞானஸ்நானம் ஓர் அரிசி மண்டிக்காரருக்கு. அவருடைய எடை மூட்டைக் கணக்கு. சாய்த்தேன், அவர் போனார், அவரோடு நானும் போனேன். இரண்டு பேரும் இருமிக்கொண்டு எழுந்தபோது டீக்கன் கையைத் தூக்கியபடி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டார். தாவீது ஐயா மட்டும் முகம் மாறாமல் கூட்டத்தைப் பார்த்து, “ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இது ரெண்டாவது தடவை. ரிஜிஸ்டர்ல எழுத வேண்டாம்” என்றார். தேவநாதசாமி கோயிலுக்கு மொட்டை போட வந்த ஒரு பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “தம்பி, எனக்குங் கால் வழுக்குது, என்னையும் ஒரு முக்கு முக்கி வுட்டுடேன்” என்றார். தாவீது ஐயா அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அவராகவே முழுக்குப் போட்டு எழும் வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு சிதம்பரம் சபை என்னைப் போதகராக அழைத்தது. சின்னச் சபை, அறுபது பேர். அங்கேதான் என் மற்ற வேலையும் வளர்ந்தது. வேதத்தில் உள்ள நாலு சுவிசேஷங்களில் இரண்டாவதைச் சாதாரணத் தமிழில், மூல மொழியிலிருந்து, பஸ்ஸில் போகிறவர் படித்தாலும் புரிகிற மாதிரி மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். எழுதுவது பாதி வேலைதான். எழுதியதை வேதமே படித்திராத ஒருவரிடம் கொடுத்து, மூடி வைத்துவிட்டு, “என்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தப்பு என்னுடையது. இந்தச் சோதனையில் டீக்கடைக்காரரும் டைலரும் என்னைப் பந்தாடியிருக்கிறார்கள்.

அதோடு நின்றிருக்கலாம். நண்பரான பக்கத்துச் சபைப் போதகர், தெளித்தாலும் ஞானஸ்நானம்தான் என்று ஒரு பிரசங்கம் செய்தார். எனக்கு வந்ததே கோபம். ஞானஸ்நானத்துக்கான மூலச் சொல், பழைய கிரேக்கத்தில் துணி சாயத்தில் முங்கியதற்கும் கப்பல் கடலில் மூழ்கியதற்கும் வருகிற சொல்தான் என்று அத்தனை ஆதாரத்தையும் திரட்டி நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு சிறு நூல் எழுதினேன். மேல வீதிக்குப் பின்னால் அச்சகம் வைத்திருந்த பஷீர் பாய்தான் அச்சடித்தார். “பாஸ்டர், உங்க வீட்டு சண்டைக்கி என் மிஷின் ஓடுது” என்று சிரித்தார். அதில் முப்பத்தோராம் பக்கத்தில் நான் எழுதியதை மனப்பாடமாகவே சொல்வேன். “முழங்கால் வரை, இடுப்பு வரை, கழுத்து வரை என்று பேரம் பேச இது கத்தரிக்காய் வியாபாரம் அல்ல. ஒரு விரற்கடை வெளியே நின்றாலும் அது முழுக்கு அல்ல.” எழுதி முடித்த அன்று மனைவியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவள் ஒரு தடவைதான் கேட்டாள்.

இப்போது கலியபெருமாளுக்கு வருகிறேன்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஊரே அவரைக் கண்டக்டர் மாமா என்றுதான் கூப்பிடும். பஸ் ஸ்டாண்டில் அவர் “கிள்ளை, பிச்சாவரம்” என்று ஒரு குரல் கொடுத்தால் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார்கள். அவர் மனைவி அஞ்சலை பத்து வருடமாக எங்கள் சபை அங்கத்தினர். இவர் அவரை வாசலில் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். பிறகு தொண்டையில் புற்றுநோய் வந்தது. புதுச்சேரியில் அறுவை செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். மேலே ஒரு துணி கட்டியிருப்பார். அந்தக் குரல் போயே போய்விட்டது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வந்தன.

வேலையும் பேச்சும் இல்லாமல் அவர் சபைக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். சும்மா இருக்கிறாரே என்று என் மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன். நான்கு நாளில் திருப்பிக் கொடுத்தார். நோட்டில் எழுதியிருந்தது: “சீடருங்கள படகுல ஏத்தறப்ப பெத்சாயிதான்னு சொல்லி ஏத்தறாரு. எறங்கறது கெனேசரேத்துல. டிக்கெட் ஒரு ஊருக்கு, எறக்கறது இன்னொரு ஊர்லயா? இடையில காத்து அடிச்சுதுன்னா அத எழுதுங்க. பாசஞ்சர் கேப்பான்.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரிய பெரிய வேத அறிஞர்கள் பக்கம் பக்கமாக விவாதித்த இடம் அது. இவர் டிக்கெட் கிழிக்கிற புத்தியில் ஒரே வாசிப்பில் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைக் கேட்காமல் ஒரு அதிகாரமும் நான் முடிக்கவில்லை. ஒன்றரை வருடம் இப்படிப் போனது. ஒரு முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் நோட்டை நீட்டினார்.

“அப்பத் தட்டு பெஞ்சு பெஞ்சா வருது. நான் வாங்கி அஞ்சலை கையில குடுக்கறன். ஊருக்கெல்லாம் டிக்கெட் குடுத்தவன்தான், ஆனா எனக்கும் ஒரு எடத்துக்குப் போவணும். ஞானஸ்நானம் வேணும்.”

எனக்கு அவ்வளவு சந்தோஷம். கையைப் பிடித்துக் குலுக்கினேன். குலுக்கிக்கொண்டே இருக்கும்போதுதான் அந்தக் கழுத்துத் துணி என் கண்ணில் பட்டது. இந்த மனிதரை எப்படித் தண்ணீரில் முக்குவது?

டீக்கன் ஞானமுத்துவிடம் சொன்னேன். மதகுகளில் தண்ணீர் திறக்கிற, அளக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அளவு என்றால் அவருக்கு உயிர். கரையில் நின்று கையைத் தூக்கும் வேலை எங்கள் சபையில் அவருடையது. “தலையில தண்ணிய ஊத்திட்டா என்ன? இவரு ஒருத்தருக்கு மட்டும்” என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவர் பையிலிருந்து என் நூலை எடுத்தார்.

“முப்பத்தோராம் பக்கம். நான் படிக்கட்டுங்களா, நீங்களே படிக்கறீங்களா?”

“ஞானமுத்து, அது வந்து...”

“எனக்குங் கண்டக்டர் மாமான்னா உசுருங்கய்யா. கிள்ளைப் பக்கம் வேலை பாத்தப்ப அவுரு பஸ்ஸ விட்டுட்டு வேற பஸ்ல ஏற மனசு வராது எனக்கு. ஆனா நீங்க எழுதனத நம்பித்தான நான் எங்க அக்காவையே நாலு தடவை முக்கச் சொன்னன்? கொண்டை மெதந்துதுன்னு? இன்னிக்கு கழுத்துன்னா நாளைக்கு இடுப்பும்பாங்க.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் வலித்தது. அங்கத்தினர் கூட்டம் போட்டோம். கலியபெருமாளின் சாட்சியை அஞ்சலை வாசித்தார். தன் வாயால் சொல்ல வேண்டுமே என்று யாரோ கேட்டபோது ஞானமுத்துவே எழுந்து, “எழுதிக் குடுத்தா கோர்ட்லயே எடுத்துக்கறான், நாம எடுத்துக்க மாட்டமா?” என்று அடக்கிவிட்டார். தண்ணீர்ப் பேச்சு வந்ததும் சபை இரண்டாகப் பிரிந்தது. முடிவில்லாமல் கூட்டம் கலைந்தது. கடைசி பெஞ்சில் அவர் நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் எழுதிய ஒரு வாக்கியம் ஒரு மனிதனை வாசலில் நிறுத்திவிட்டது.

கடலூருக்கு பஸ் ஏறினேன். தாவீது ஐயாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. ஈசிசேரில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார்.

“புஸ்தகம் எழுதறப்ப என்னைக் கேட்டியா?”

“இல்லீங்கய்யா.”

“அப்பறம் இப்ப மட்டும் எதுக்கு வர?”

டீ வந்தது. பாதி டீ குடித்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டார். “சபையைக் கேட்ட. டீக்கனைக் கேட்ட. இவ்ளோ தூரம் வந்து என்னைக் கேக்கற. தண்ணிக்குள்ள போவப்போறது யாரு?”

“கலியபெருமாள்.”

“அவரு என்ன சொல்றாரு?”

நான் அவரைக் கேட்கவே இல்லை. வாய் பேச முடியாதவர் என்பதால் அவரைப் பற்றி நாங்கள் எல்லாரும் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். சபையிடம் மன்றாடி எப்படியாவது தலையில் ஊற்றுவதற்குச் சம்மதம் வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் பேனாவை எடுத்தார்.

“அரை டிக்கெட் சின்னப் பசங்களுக்கு. எனக்கு முழு டிக்கெட் வேணும்.”

“தண்ணி உள்ள போனா உயிருக்கே ஆபத்துங்க.”

“நீங்க வுட மாட்டீங்க.”

என்னை இப்படி யாரும் நம்பியதில்லை. சந்தோஷத்தைவிட எனக்குப் பயம்தான் அதிகமாக வந்தது. நானும் அவரும் அஞ்சலையுமாகப் புதுச்சேரிக்குப் போய் அறுவை செய்த டாக்டரைப் பார்த்தோம். அவர் முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தார். “குளிக்கறப்பவே ஜாக்கிரதைன்னு சொல்லியிருக்கேன். நீங்க வாய்க்கால்ல முக்கணும்னு வந்திருக்கீங்க” என்றார். கலியபெருமாள் நோட்டை நீட்டினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். மருந்துச் சீட்டை எடுத்து ஒரு மனித உருவம் வரைந்து, கழுத்தடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டார்.

“இவரு மூக்கும் வாயும் இப்ப நுரையீரலோட சம்பந்தப்படல. மூச்சு இந்த ஓட்டை வழியாத்தான். இந்த வட்டத்துக்குள்ள தண்ணி வரக் கூடாது. அலை இருக்கக் கூடாது. கெட்டியாப் புடிக்க ஆள் வேணும். மத்த எடம் உங்க இஷ்டம்.”

அந்தச் சீட்டோடு இரண்டாவது கூட்டம். முதலில் நான் எழுந்து, முப்பத்தோராம் பக்கம் எழுதியபோது எனக்கு இப்படி ஒரு மனிதரைத் தெரியாது, தெரிந்துகொண்டு எழுதியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன். ஞானமுத்து படத்தை வாய்க்கால் வரைபடம் மாதிரி தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார்.

“மண்டி போட்டாருன்னா காறை எலும்பு வரைக்கும் தண்ணி. அப்படியே பின்னால சாச்சு, தலைய நல்லாத் தொங்க வுட்டா முகம் முழுக்க உள்ள போயிரும், தொண்டை மட்டும் மேல நிக்கும். அலை இல்லாத எடம் நான் காட்டறன். வேலை நடக்கும்.” படத்தில் வட்டத்தின் மேல் விரலை வைத்தார். “ஆனா இந்த வட்டம் நனையாதுங்களே. நனையாத எடம் ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சுகிட்டே நான் எப்படிக் கையத் தூக்கறது? பொய்யாத் தூக்கச் சொல்றீங்களா?”

அப்போது அஞ்சலை எழுந்தார். பத்து வருடத்தில் கூட்டத்தில் அவர் தானாகப் பேசியதே இல்லை.

“அந்த எடம் என்னிக்கிங்க காஞ்சி இருந்துச்சி?”

ஞானமுத்து திரும்பிப் பார்த்தார்.

“மூச்சு ஈரமா உள்ள போவணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. விடிஞ்சா துணிய நனைச்சிப் புழிஞ்சி நாந்தான் கட்டறன். மத்தியானம் ஒருக்கா, பொழுது சாஞ்சா ஒருக்கா. ரெண்டு வருசமா அவரு ஒடம்புலயே காயாத எடம் அது ஒண்ணுதான். அன்னிக்கு வாய்க்கா தண்ணியிலயே நனைச்சிக் கட்டறன். முதநாளே மொண்டாந்து கொதிக்க வெச்சி வடிகட்டிக்கறன். அதே தண்ணிதான? மத்த எடத்த நீங்க நனைங்க. அந்த எடத்த நான் நனைக்கறன்.”

ஞானமுத்து என் நூலை ஒருமுறை புரட்டினார். பிறகு மூடினார். “கொதிக்க வெச்ச தண்ணி ஆவாதுன்னு இதுல எங்கயும் எழுதலை” என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். அறுபது கைகளும் எழுந்தன.

குமராட்சிக்குப் பக்கத்தில், மதகுக்குக் கீழே ஒரு வளைவில், தண்ணீர் ஓடுவதே தெரியாமல் நிற்கும் இடத்தை ஞானமுத்து கண்டுபிடித்தார். மூன்று நாள் தொடர்ந்து போய்க் கோலை நட்டு அளந்தார். நானும் கலியபெருமாளும் ஆலயத் தரையில் பாய் விரித்து ஏழெட்டுத் தடவை ஒத்திகை பார்த்தோம். நாலாவது தடவையிலேயே அவர், “நீங்கதான் ஜாஸ்தி நடுங்கறீங்க” என்று எழுதிக் காட்டினார். ஞானஸ்நானத்துக்குப் பிறகு பேரை மாற்ற வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, “போர்டு மாத்தனா தெரிஞ்ச பாசஞ்சர் ஏற மாட்டான்” என்று எழுதினார். அதனால் ரிஜிஸ்டரில் இன்றைக்கும் கலியபெருமாள்தான்.

அன்று காலை வாய்க்கால் கரைச் சாலையில் போன மினி பஸ் நின்றுவிட்டது. டிரைவர் அவரோடு வேலை பார்த்தவர். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வந்து கரையில் நின்றார்கள். நான் ஒரு பக்கம், அஞ்சலை ஒரு பக்கம். அவர் மண்டியிட்டார். ஞானமுத்து சொன்ன மாதிரி தண்ணீர் காறை எலும்பில் வந்து நின்றது. அஞ்சலை பித்தளைச் சொம்பிலிருந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து கழுத்தில் கட்டினார். வழக்கமான வார்த்தைகளைச் சொல்லி, பிடரிக்குக் கீழே கை கொடுத்துச் சாய்த்தேன். கால் தரையை விடுகிற நேரத்தில் காதில், “நான் வுட மாட்டேன்” என்றேன். பின்னந்தலை போனது, காது போனது, நெற்றியும் கண்ணும் மூக்கும் வாயும் போயின. தொண்டை மட்டும் ஈரத் துணியோடு மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லாரும் இரண்டு விநாடியில் துடித்துக்கொண்டு எழுவார்கள். இவர் எழவில்லை. மூச்சுதான் கழுத்து வழியாகப் போய்க்கொண்டிருக்கிறதே, அவருக்கு என்ன அவசரம்? நான் தூக்கப் பார்த்தேன். அவர், பொறு என்பது போல என் கையை அழுத்தினார். குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேரை முக்கி எடுத்திருக்கிறேன். உள்ளேயிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தவர் அவர் ஒருவர்தான். ஞானமுத்து கரையில் நிற்க முடியாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, இரண்டு கைகளையும் தூக்கினார்.

அடுத்த முதல் ஞாயிறு அப்பத் தட்டு கடைசி பெஞ்சுக்குப் போனது. அவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு தட்டை அஞ்சலையிடம் கொடுத்தார். அஞ்சலை அழுதார். நானும் அழுதேன், மேடையில் நிற்பவன் அழுதால் நன்றாக இருக்காது என்பதால் அவசரமாகப் பாட்டு நம்பரைச் சொன்னேன். தப்பான நம்பர். அதையே பாடினோம்.

பஷீர் பாயிடம் போய், மீதி இருந்த பிரதிகளில் முப்பத்தோராம் பக்கத்தின் மேல் ஒட்ட ஒரு திருத்தச் சீட்டு அடித்து வாங்கினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர், “அடுத்த புஸ்தகத்த இன்ஷா அல்லாஹ் மெலிசா எழுதுங்க பாஸ்டர். ஒட்டற வேலை மிச்சம்” என்றார்.

இதோடு முடித்தால் தம்பி கேட்ட கட்டுரை முடிந்துவிடும். ஆனால் நான் இன்னொரு தப்பும் செய்தேன்.

எங்கள் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் ஓர் அங்கத்தினர் முறை வைத்து முன்னால் வந்து வேதம் வாசிக்க வேண்டும். அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில், சகோதரர் கலியபெருமாளுக்கு இந்த முறையிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று நான் முன்மொழிந்தேன். நல்ல எண்ணத்தில்தான். எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்று வழக்கப்படி கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. அவர் போட்ட முதல் ஓட்டு, எனக்கு எதிராக. அவர் கையைப் பார்த்து ஞானமுத்து கை எழுந்தது, பிறகு பெஞ்சு பெஞ்சாகக் கைகள். என் தீர்மானம் ஒரு ஓட்டு வாங்கித் தோற்றது. அந்த ஓட்டும் என்னுடையதுதான்.

அவர் முறை வந்த ஞாயிறு அட்டவணைப்படி விழுந்தது ஒரு வம்ச வரலாறு. இவர் அவரைப் பெற்றார், அவர் இவரைப் பெற்றார் என்று நாற்பது பேருக்கு மேல் வரும். நாங்கள் எல்லாரும் மூச்சு விடாமல் ஓட்டிவிடுகிற பகுதி. கலியபெருமாள் முன்னால் வந்து நின்றார். வேதத்தைத் திறந்து எல்லாரையும் திறக்கச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு விரல் முட்டியால் மேடைப் பலகையில் இரண்டு தடவை தட்டினார். கிள்ளை பஸ்ஸில் போனவர்களுக்கு அது என்ன என்று சொல்லித் தர வேண்டுமா? இரண்டு தட்டினால் வண்டி கிளம்பும், ஒன்று தட்டினால் நிற்கும். சபை முழுதும் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தது. முதல் பெயர் வந்ததும் ஒரு தட்டு. நின்றோம். அவர் அந்தப் பெயர் இறங்குவதற்கு நேரம் கொடுக்கிற மாதிரி காத்திருந்தார். பின்வரிசை வரை ஒரு பார்வை. இரண்டு தட்டு. அடுத்த பெயர். ஒரு தட்டு.

அந்தப் பட்டியலை மூல மொழியிலேயே எத்தனையோ வருடம் படித்தவன் நான். அதில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு ஆள் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. ராஜாக்களுக்கும் ஒரே அளவு நேரம், பேர் மட்டும் தெரிந்தவர்களுக்கும் ஒரே அளவு நேரம். இடையில் வந்த பெண்களின் பெயர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினார். யாரையும் ஓடுகிற வண்டியிலிருந்து இறக்கவில்லை. கடைசிப் பெயர் வந்து நின்றபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. அவர் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் பெஞ்சுக்குப் போய் அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையில் எழுதி வைத்த பிரசங்கம் ஆறு பக்கம் இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆசீர்வாதம் சொல்லி எல்லாரையும் சாப்பிட அனுப்பினேன்.